கல்லும் கொழுப்பும்: கொச்சிக் கரையிலிருந்து கணையத்தின் கதை

மட்டாஞ்சேரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மிளகும் ஏலமும் சுக்கும்தான் முதலில் கைக்கு வரும். மலருக்கு மலர் அதை எழுதியும் ஆயிற்று. இந்த முறை சரக்கை விட்டுவிட்டு, சரக்கு விற்கிற நம்மவர்களின் வயிற்றுக்குள் இருக்கும் ஓர் உறுப்பைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குக் குறுக்கே படுத்திருக்கும் கணையம்தான் அது. எடை நூறு கிராம்கூட முழுசாக வராது. தொட்டுப் பார்க்க முடியாது, வெளியே தெரியாது, கெட்டுப்போனால் மட்டும் ஆளையே உலுக்கிவிடும்.

கொச்சிக்காரர்கள் இதைப் பற்றி அக்கறைப்பட இரண்டு காரணம் உண்டு. ஒன்று, எல்லாருக்கும் தெரிந்தது. எர்ணாகுளம் பகுதியில் அம்ருதா மருத்துவமனை ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று எடுத்து 2006இல் வெளியிட்ட கணக்கில், வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அவர்களில் பாதிக்குமேல் அதுவரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். இரண்டாவது காரணம் அவ்வளவாக வெளியே தெரியாது. உலக மருத்துவ வரலாற்றில் கணையத்துக்கென்று ஓர் அத்தியாயம் எழுதினால், அதில் கேரளத்துக்கு ஒரு தனிப் பக்கம் கொடுத்தே ஆகவேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பது கொழுத்தவனின் கணையம் இல்லை, பட்டினி கிடந்தவனின் கணையம்.

பொதுவான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் கணையத்துக்குள் தனித்தனித் திட்டுகளாக இருக்கும் செல்களைக் கண்டார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. 1889இல் மின்கோவ்ஸ்கியும் ஃபொன் மேரிங்கும் ஸ்ட்ராஸ்பர்க்கில் நாயின் கணையத்தை வெட்டி எடுத்தார்கள். நாய்க்கு நீரிழிவு வந்தது. 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அது முதன்முதலாகப் போடப்பட்டது. பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். நமக்கு வேண்டிய கதை இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

1955ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று கட்டுரைகள் வெளிவந்தன. ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர், ஒல்லியான ஏழை நோயாளிகளிடம் ஒரு தனி வகை நீரிழிவு இருப்பதை எழுதினார். இந்தோனேசியாவிலிருந்து சைடெமா என்ற டச்சு மருத்துவர், சரியான உணவில்லாதவர்களின் கணையம் கல் கட்டிச் சுருங்கிப்போவதை எழுதினார். அமெரிக்காவில் ஃபிரீட்மன் குழுவினர், குடல்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த மூன்று பேருக்கு, எதிர்பாராதவிதமாகச் சர்க்கரை நோயும் தணிந்துவிட்டதை எழுதினார்கள். முதல் இரண்டும் பசியின் கதை. மூன்றாவதுதான் பிற்பாடு எடைக்குறைப்பு அறுவையின் கதையாக வளர்ந்தது. இந்த இரண்டு கதையும் வெகுகாலம் தனித்தனியே நடந்தன. நம் ஊரில்தான் அவை ஒரே வரிசையில், ஒரே மருத்துவரின் அறைக்கு வெளியே, பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

கேரளத்துக் கதைக்கு நாயகர் பி. ஜே. கீவர்கீஸ். 1962இல் அவரும் பிள்ளை, ஜோசப், சி. எஸ். பிச்சுமணி ஆகியோரும் சேர்ந்து, கணையக் கோளாறால் வரும் நீரிழிவை எப்படிக் கண்டறிவது என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணையத்தில் கல் இருப்பது இந்தியாவில் புதிது என்று சொல்ல முடியாது, 1937இலேயே எம். ஜி. கினி அப்படி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் கீவர்கீஸ் ஒரு நோயாளி, இரண்டு நோயாளி என்று நிற்கவில்லை. நூற்றுக்கணக்கில் சேர்த்தார். எக்ஸ்ரே எடுத்தால் முதுகெலும்புக்குக் குறுக்கே, யாரோ அரிசியையும் கடலையையும் வாரித் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கற்கள். சின்ன வயதில் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, மீசை முளைக்கும் வயதில் சர்க்கரை, குடும்பத்தைத் தாங்கவேண்டிய வயதில் மரணம்: இதுதான் அவர் கண்ட நோயின் போக்கு. 1968இல் அவருடைய புத்தகம் பம்பாயிலிருந்து வந்தது. அன்றைய கேரளத்தில் இவ்வளவு வசதிக் குறைவோடு இப்படியொரு வேலை நடந்திருக்கிறது என்பதை நினைத்தால், நம் பள்ளிகளில் அவர் பெயரை ஒருமுறையாவது சொல்லக்கூடாதா என்று எனக்குத் தோன்றும்.

ஏன் கேரளத்தில் இது இவ்வளவு என்ற கேள்விக்கு முதலில் கிடைத்த பதில் கப்பைக் கிழங்கு. நாம் மரவள்ளி, மரச்சீனி என்று சொல்வது. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, ஏழைகளின் பசிக்கு இது கைகொடுக்கும் என்று பயிரிட ஊக்கம் கொடுத்தார். அது வீட்டுச் சாப்பாடாகவே ஆனது யுத்தத்தின்போது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் அது வெறும் செய்தியாக இருக்கவில்லை. உள்ளூர் விளைச்சல் போதாத நாடு, கப்பல் வந்தால்தான் உலை கொதிக்கும். ரேஷன் வந்தது, ரேஷன் போதாத இடத்தைக் கப்பை நிரப்பியது. அந்தப் பஞ்ச காலத்தை நேரில் ஆராய்ந்து பதிவு செய்தவர் ஒரு தமிழர் என்பதை இங்கே சொல்லாமல் போகக்கூடாது. கே. ஜி. சிவசாமி, திருவிதாங்கூரின் 1943-44 பஞ்சத்தையும் ஊட்டக்குறை நோய்களையும் பற்றி மற்றவர்களுடன் சேர்ந்து எழுதிய நூல் 1945இல் கோயம்புத்தூரிலிருந்து வெளியானது. நிவாரணத்துக்குப் போனவர்கள் கஞ்சி ஊற்றினால் போதும் என்று வராமல், யார் என்ன சாப்பிட்டார்கள், யாருக்கு என்ன நோய் வந்தது என்று கணக்கெடுத்துவிட்டு வந்தார்கள்.

கப்பையில் சயனைடு சேர்ந்த ஒரு பொருள் உண்டு. நன்றாக வேகவைத்து நீரைக் கொட்டினால் பெரும்பகுதி போய்விடும். புரதம் நிறைந்த சாப்பாடு சாப்பிடுகிறவன் உடம்பு மீதியையும் சமாளித்துவிடும். புரதமே இல்லாதவன் உடம்பு சமாளிக்காது. அதுதான் கணையத்தைக் கெடுக்கிறது என்று மக்மில்லனும் கீவர்கீஸும் 1979இல் எழுதினார்கள். கேட்பதற்கு ரொம்பப் பொருத்தமாக இருந்தது. ஏழை, கிழங்கு, விஷம், கல் என்று நேர்கோடாகப் போயிற்று. நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்றைக்கும் “கப்பை தின்னா சுகர் வரும்டா” என்று சொல்வதில் இந்தக் கருத்தின் எதிரொலி கொஞ்சம் இருக்கலாம்.

ஆனால் கோடு நேராக நிற்கவில்லை. கப்பையே தின்னாத வடஇந்தியப் பகுதிகளிலும் இதே நோய் தென்பட்டது. சென்னையில் எலிகளுக்கு நீண்டகாலம் கப்பை கொடுத்துப் பார்த்தார்கள். கணைய அழற்சியும் வரவில்லை, நீரிழிவும் வரவில்லை என்று 2000இல் அறிவித்தார்கள். 2002இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள், இந்த நோயாளிகளில் கணிசமானோரிடம் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதைக் காட்டினார்கள். கணையத்தின் செரிமான நொதிகள் உள்ளேயே விழித்துக்கொண்டு சொந்த வீட்டையே தின்றுவிடாமல் பூட்டுப் போடும் மரபணு அது. பூட்டு தளர்ந்தவனுக்குச் சின்னக் காரணமும் போதும். கடைசியில் கொச்சியிலிருந்தே, வி. பாலகிருஷ்ணன் தலைமையில் நாடெங்கும் 1,086 நோயாளிகளைப் பதிவு செய்த ஆய்வு 2008இல் வந்தது. கீவர்கீஸ் வர்ணித்த அந்தப் பழைய வடிவம் அதில் 3.8 சதவீதம் பேரிடம் மட்டுமே இருந்தது. நோய் இருக்கிறது, முகம் மாறிவிட்டது. சோறும் மீனும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கிடைத்த கேரளத்தில், பட்டினியின் கணையம் அரிதாகிவிட்டது.

அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்ததுதான் கொழுப்பு.

கொழுத்த கணையத்தை முதலில் அளந்தவர்களில் ஒருவர் ஓகில்வி. 1933இல் உடல் பருமனாக இருந்து இறந்த 19 பேரின் கணையங்களை ஆராய்ந்து, அதில் சுமார் 17 சதவீதம் கொழுப்பு, மெலிந்தவர்களிடம் சுமார் 9 சதவீதம் என்று எழுதினார். பிணத்தை அறுத்தால்தான் தெரியும் விஷயம் என்பதால் அறுபது எழுபது வருஷம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கிடையே அறுவை மருத்துவர்கள் தங்கள் வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். 1954இல் மினசோட்டாவில் கிரெமன் குழுவினர் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்த்துக் குறுக்குவழி போட்டார்கள். எடை குறைந்தது, பின்னாளில் அந்த முறையால் ஈரலும் சிறுநீரகமும் கெட்டவர்கள் உண்டு, அதனால் அது கைவிடப்பட்டது. 1966இல் அயோவாவில் எட்வர்ட் மேசனும் இட்டோவும் இரைப்பையைச் சின்னதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் முறையைத் தொடங்கினார்கள். இன்றைய முறைகளுக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

1995இல் வட கரோலினாவைச் சேர்ந்த போரீஸ் தன் 14 ஆண்டுக் கணக்கை வெளியிட்டார். அறுவை செய்துகொண்டவர்கள் 608 பேர். அவர்களில் நீரிழிவு இருந்த 146 பேரில் 121 பேருக்கு ரத்தச் சர்க்கரை சாதாரண நிலைக்கு வந்துவிட்டது. இப்படி நடக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள் என்கிற வியப்பையே அவர் தலைப்பாக வைத்தார். பலருக்கு எடை முழுசாகக் குறையும் முன்பே, சில நாட்களிலேயே, சர்க்கரை இறங்கியது. அதனால் குடலைத் திருப்பிவிட்டதால் சுரக்கும் ஹார்மோன்கள்தான் காரணம் என்று ஒரு கட்சி எழுந்தது.

மறு கட்சிக்காரர் இங்கிலாந்தில் நியூகாசிலைச் சேர்ந்த ராய் டெய்லர். அவர் கேட்டது வெகு சாதாரணமான கேள்வி: அறுவை செய்துகொண்டவர் முதல் வாரம் என்ன சாப்பிடுகிறார்? ஒன்றும் பெரிதாக இல்லை. அப்படியென்றால் கத்தியே இல்லாமல் அதே அளவு சாப்பிடச் சொல்லிப் பார்த்தால் என்ன? 2011இல் 11 பேருக்கு நாளுக்குச் சுமார் 600 கலோரி மட்டும், 8 வாரம் கொடுத்தார். ஏழே நாளில் வெறும்வயிற்றுச் சர்க்கரை சாதாரண அளவுக்கு வந்தது. ஈரலின் கொழுப்பு 12.8 சதவீதத்திலிருந்து 2.9 ஆனது. கணையத்தின் கொழுப்பு 8.0 சதவீதத்திலிருந்து 6.2 ஆனது, கூடவே, மறந்துபோன வேலை நினைவுக்கு வந்தமாதிரி, சாப்பிட்டவுடன் இன்சுலினைச் சட்டென்று விடும் திறமை திரும்பியது. அமெரிக்காவில் லிங்வே குழுவினரும் 2013இல், அதே 10 பேரை ஒருமுறை அறுவையில்லாமல் அந்தப் பத்தியத்தில் வைத்தும், ஒருமுறை அறுவைக்குப் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் சில நாட்களின் முன்னேற்றத்துக்குப் பத்தியமே போதுமானதாக இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது 2016இல் வந்த இன்னொரு ஆய்வு. எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்ட 27 பேரை நியூகாசில் குழு எம்.ஆர்.ஐ. மூலம் பார்த்தது, 18 பேர் நீரிழிவு உள்ளவர்கள், 9 பேர் இல்லாதவர்கள். 8 வாரத்தில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் 13 சதவீதம், எடை இழந்தார்கள். நீரிழிவு உள்ளவர்களின் கணையக் கொழுப்பு 6.6 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. மற்றவர்களுடையது 5.1இலிருந்து 5.5, அதாவது மாறவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பெல்லாம் இளைக்கும்போது, கொழுப்பு மிஞ்சிக் கிடந்த கணையத்திலிருந்து மட்டும் அது வெளியேறியது.

அந்த 1.2 சதவீதம் எடையில் எவ்வளவு என்று பார்த்தால் அரைக் கிராமுக்குக் கொஞ்சம் மேலே. நம் தட்டார்கள் கணக்கில் ஐந்து குன்றிமணி. பதினைந்து கிலோ இளைத்ததில் ஐந்து குன்றிமணிதான் விஷயம் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் பொன் நிறுக்கிற தராசைத் தெரிந்தவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இது எப்படி நடக்கிறது என்று டெய்லர் 2008இலேயே ஒரு கருத்து வைத்திருந்தார். தோலுக்கடியில் கொழுப்பைச் சேமிக்கும் இடம் நிறைந்துவிட்டால், மிச்சம் ஈரலில் தங்கும். ஈரல் அதை ரத்தத்தில் ஏற்றி அனுப்பும். போகிற வழியில் கணையத்திலும் கொஞ்சம் இறங்கும். அங்கே இன்சுலின் செல்கள் செத்துப்போவதில்லை, மயங்கிக் கிடக்கின்றன. கிடங்கு நிறைந்தால் மூட்டையைத் திண்ணையில் அடுக்குவது, திண்ணையும் நிறைந்தால் நடைபாதையில் போடுவது என்று பஜார் ரோட்டில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். கணையத்துக் கொழுப்பில் பெரும்பகுதி செல்களுக்குள் இல்லை, மடல்களுக்கு இடையில் தனிக் கொழுப்புச் செல்களாக இருக்கிறது. அது நோய்க்குக் காரணமா, கூட வந்த அடையாளம்தானா என்ற வழக்கு முடியவில்லை. அறுவையின் பலனும் என்றென்றைக்கும் நிற்பதில்லை. ஸ்வீடனின் நீண்டகால ஆய்வில், 2 ஆண்டில் 72 சதவீதம் பேருக்கு நீரிழிவு விலகியிருந்தது. 15 ஆண்டில் அது 30 சதவீதம். பத்து வருஷத்துக்கு மேல் சர்க்கரையோடு வாழ்ந்தவர்களுக்குப் பலன் குறைவு. அறுவைக்குப் பின் இரும்புச் சத்து, பி-12, கால்சியம் என்று ஆயுள் முழுக்கக் கவனிக்க வேண்டும். “ஒரே ஆபரேஷன், சுகர் போச்சு” என்று பேசுகிறவர்கள் இந்தப் பாதியை ஏன் விழுங்கிவிடுகிறார்கள்?

சரி, இதெல்லாம் நூறு கிலோ, நூற்றிருபது கிலோ வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். இங்கேதான் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக் வருகிறார். 2004இல் அவரும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைச் சுட்டு ஒன்றே, 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்ப்பதற்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மவர்களின் கிடங்கு சின்னது, சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. அதனால்தான் உலக அறுவைச் சங்கங்கள் 2022இல் வெளியிட்ட நெறிமுறையில், ஆசியர்களுக்குச் சுட்டு 27.5 என்ற அளவிலேயே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்று எல்லையை இறக்கினார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது டெய்லர் குழு 2023இல் வெளியிட்டது: பருமன் இல்லாத, சுட்டு 27க்குள் இருந்த 20 நீரிழிவு நோயாளிகள் பத்தியம் இருந்தார்கள், கத்தி இல்லாமலே 14 பேருக்கு நோய் விலகியது.

ஃபோர்ட் கொச்சி வெளியில் தோபிகானாவில் துணி துவைக்கும் நம் வண்ணார் குடும்பங்கள், டச்சுக்காரர் காலத்தில் இங்கு வந்ததாகத் தங்கள் வரலாற்றைச் சொல்வார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று கல்லில் அடித்துத் துவைத்த உடம்பு அது. அவர்கள் பிள்ளைகளில் பலர் இன்று நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள். கடையில் திண்டில் சாய்ந்தே மூன்று தலைமுறையாகத் தொழில் செய்தவர்களும் நம்மிடையே உண்டு. இரு வீட்டிலும் ஒல்லியாக ஒருவர் “எனக்கு எப்படிங்க சுகர்? ஈர்க்குச்சி மாதிரி இருக்கேனே!” என்று கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கு ஒரே பதில் இல்லை என்பதுதான் இவ்வளவு நேரம் சொன்ன வரலாறு.

கொச்சியில் அந்த ஒல்லி மனிதர் மூன்று விதமாக இருக்கலாம். கணையத்தில் கல் கட்டியவராக இருக்கலாம். அவருக்குச் செரிமான நொதி மாத்திரையும், பெரும்பாலும் இன்சுலினும் வேண்டும். பட்டினி போட்டால் இன்னும் மோசமாவார். சின்ன வயதில் ஊட்டமில்லாமல் வளர்ந்து, கல்லும் இல்லாமல், இன்சுலின் குறைவாகச் சுரப்பவராக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1985இல் இந்த வகைக்கு இடம் கொடுத்து, 1999இல் எடுத்துவிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் அமெரிக்க ஆய்வாளர்களும் விடாமல் முயன்றதில், 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதற்கு ஐந்தாம் வகை என்று பெயர் கொடுத்தது. அல்லது, யாஜ்னிக் மாதிரி உள்ளே கொழுப்பு நிறைந்தவராக இருக்கலாம். அவர் ஆறேழு கிலோ இளைத்தாலே பலன் தெரியலாம். வெளித்தோற்றத்தில் மூவரும் ஒரே மாதிரி. ஒருவருக்கு மருந்தாவது இன்னொருவருக்குக் கேடு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வயிற்று ஸ்கேன் அறிக்கையில் கணையத்தில் கொழுப்பு என்று ஒரு வரி இருந்தால், ஒருவர் பயந்து சோற்றையே விட்டுவிடுகிறார். இன்னொருவர் எல்லாருக்கும் இருக்கிறதுதானே என்று மடித்துப் பெட்டியில் போட்டுவிடுகிறார். வயதாக ஆக எல்லார் கணையத்திலும் கொஞ்சம் கொழுப்பு ஏறும், அது ஒன்று. நாள்பட்ட அழற்சியில் செத்துப்போன திசுவின் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும், அது வேறொன்று. தின்றது மிஞ்சி வந்த கொழுப்பு மூன்றாவது. சாதாரண ஸ்கேன் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லாது. மெலிந்தவருக்குச் சர்க்கரை என்றால் பழைய கேரளத்து மருத்துவர்கள் முதலில் ஒரு வயிற்று எக்ஸ்ரே எடுத்துக் கல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சின்ன வயதில் அடிக்கடி வயிற்றுவலி வந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, பிறந்தபோது எடை எவ்வளவு, இருபது வயதில் இடுப்புச் சுற்றளவு எவ்வளவு என்றும் கேட்டால் கேட்கிறவருக்கு ஐந்து நிமிஷம்தான் ஆகும். மருத்துவர் கேட்காவிட்டாலும் இந்த நான்குக்கும் பதிலை ஒரு துண்டுத் தாளில் எழுதி, பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் சேர்த்து எடுத்துப் போகலாம்.